ஹைக்கூவில் எழுதிய சிடிகள்

டிஸ்கி: மூன்று வரிக் கவிதை கிடைக்கும் என்று தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். ஆனால் வீட்டுப் பரணிலோ பீரோ அடியிலோ ஒரு சிடி டப்பா வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் பிடிக்காவிட்டாலும் கொஞ்சம் பொறுத்துப் படித்துவிடுங்கள்.

ஊரை விட்டு வந்து டெல்லி, பூனா, பரோடா என்று குடித்தனம் நடத்துகிற நம் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரைக்கும் நம் குரலும் முகமும் ஆடியோ கேசட்டிலும் விஎச்எஸ் டேப்பிலும் இருந்தன. 2010-க்கு அப்புறம் எல்லாம் செல்போனில். நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறதே, அது முழுக்க சிடியில்தான் கிடக்கிறது. கல்யாண விசிடி, குழந்தையின் முதல் பிறந்தநாள், டிஜிட்டல் கேமராவில் எடுத்த ரிஷிகேஷ் படங்கள், தாத்தா கேசட்டில் பேசியதை யாரோ ஒரு புண்ணியவான் மாற்றிக் கொடுத்தது. இப்போது வரும் லேப்டாப்பில் சிடி போடுகிற ஓட்டையே இல்லை. டப்பா அப்படியே இருக்கிறது, அதில் உள்ளது சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கிறது.

சிடி அழியாது என்று அன்றைக்குச் சொன்னார்களே என்று கேட்கலாம். கடையில் விற்ற பாட்டு சிடி வேறு, நாம் எழுதிய சிடி வேறு. முன்னது ஆலையில் அச்சு வைத்து அழுத்தியது. அதில் குழிகள் நிஜமாகவே இருக்கும். நாம் எழுதுகிற சிடி-ஆரில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. லேசர் அதைச் சுட்டுக் கறையாக்குகிறது, படிக்கும்போது அந்தக் கறையைக் குழி என்று டிரைவ் எடுத்துக்கொள்கிறது. சாயம் என்றால் வெயிலில் வெளுக்கும், சூட்டில் கெடும். மே மாதத்தில் 45 டிகிரி அடிக்கிற டெல்லியில், மேல்மாடி ஃபிளாட்டில், ஜன்னல் ஓரத்து ஷெல்ஃபில் இருபது வருடம் இருந்த சாயத்தின் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். அப்போதெல்லாம் நேரு பிளேஸ் போனால் ஐம்பது சிடி கோத்த ஸ்பிண்டில் ஒன்று வாங்காமல் திரும்ப மாட்டோம். இங்கே நொய்டாவில் ஆலை வைத்திருந்த மோசர் பேயர் உலகத்திலேயே பெரிய சிடி தயாரிப்பாளர்களில் ஒன்று. அதையும் மூடி விற்றுக் கடனை அடைக்கச் சொல்லி 2018-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. சிடி செய்தவர்களே போய்விட்டார்கள், நம் டப்பா மட்டும் பாக்கி.

இனி ஹைக்கூவுக்கு வருகிறேன். ஆப்பிளில் இருந்து வெளியே வந்த ழான் லூயி காஸே, பி என்ற கம்பெனியை ஆரம்பித்து பிஓஎஸ் என்று ஒரு இயங்குதளம் செய்தார். அந்தக் காலத்துப் பொட்டியிலேயே ஒரே நேரத்தில் நாலைந்து வீடியோவைத் தடங்கலில்லாமல் ஓட்டிக் காட்டி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தார்கள். வியாபாரம் மட்டும் நடக்கவில்லை. 2001-இல் கம்பெனியின் சொத்தை பாம் வாங்கிக்கொண்டது. அதே வருடம் சில ரசிகர்கள் கூடி, அதை முதலில் இருந்து தாங்களே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். ஓபன்பிஓஎஸ் என்று ஆரம்பித்தது 2004-இல் ஹைக்கூ என்று பெயர் மாறியது. பழைய பிஓஎஸ்ஸில் இருந்த உலாவி, பக்கம் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தியைக் கவிதையாகச் சொல்லும். அந்தக் குறும்பின் நினைவாக வைத்த பெயர். முதல் ஆல்பா 2009-இல் வந்தது, முதல் பீட்டா 2018-இல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். இருபது வருஷத்துக்கு மேலாகியும் 'ஒன்று' என்ற எண்ணைப் போட மனசு வராதவர்கள். நம்ம ஊர் கோயில் திருப்பணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

இதை நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் தங்கமணி கேட்காத வாரம் கிடையாது. "ஏங்க, இருக்கிற லேப்டாப் போதாதா? அந்தப் பழைய பொட்டியை கபாடிவாலாகிட்ட போட்டா ஐந்நூறு ரூபாயாவது தேறும்." பொட்டி 2007 மாடல். டிவிடி ரைட்டர் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. அதில் இருந்த விண்டோஸுக்கு ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே. ஹைக்கூ அதில் கால் நிமிடத்துக்குள் எழுந்து உட்காருகிறது. கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் கொடு, அப்டேட் இருக்கிறது காத்திரு என்று எதுவும் கிடையாது.

ஆனால் நான் இதைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் வேறு. ஆடியோ சிடி ஒன்றை ஹைக்கூவில் போட்டுத் திறந்தால், ஒவ்வொரு பாட்டும் ஒரு வேவ் கோப்பாகத் தெரியும். பிடித்து இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் பாட்டு வந்துவிடும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? விண்டோஸில் அதே சிடியைத் திறந்தால் சிடிஏ என்று முடியும் கோப்புகள் தெரியும். ஒவ்வொன்றும் 44 பைட். அவற்றுக்குள் பாட்டு கிடையாது. 'பாட்டு இந்த இடத்தில் தொடங்குகிறது' என்கிற விலாசச் சீட்டு மட்டும்தான். பாட்டை எடுக்க மீடியா பிளேயரில் 'ரிப்' என்று தனியாகச் செய்யவேண்டும்.

எங்கள் பக்கத்து பிளாக்கில் சேலத்துக்காரர் ஒருவர். ரிட்டயர் ஆன மனுஷர், எதையும் ஒழுங்காகச் செய்பவர். அவருடைய அப்பா கோயிலில் தேவாரம் பாடியது மூன்று ஆடியோ சிடியில் இருந்தது. பேரனை உட்காரவைத்து மூன்றையும் பென் டிரைவில் காப்பி பண்ணச் சொன்னார். அவனும் பண்ணினான். கோப்புப் பெயர்களை எண்ணிப் பார்த்தார், முப்பத்தி எட்டும் சரியாக இருந்தது. வீடு வெள்ளையடிக்கும்போது சிடிகள் கபாடிக்குப் போயின. ஆறு மாதம் கழித்து அப்பா திதிக்குப் பாட்டைப் போடலாம் என்று செருகினால், முப்பத்தெட்டு விலாசச் சீட்டுகள். என்னிடம் பென் டிரைவைக் கொண்டுவந்து, "எப்படியாவது எடுத்துக் குடுங்க தம்பி"ன்னார். இல்லாததை எங்கே இருந்து எடுப்பது? அவரிடமும் பேரனிடமும் ஒரு தப்பும் இல்லை. கோப்பு மாதிரி வேஷம் போட்டு நின்ற ஒன்றை அவர்கள் கோப்பு என்று நம்பினார்கள். நூறு கோடிப் பேருக்கு மேல் உபயோகிக்கிற மென்பொருள் இப்படி ஏமாற்ற, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் பொழுதுபோக்காகச் செய்தது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. என் கோபமெல்லாம் இதில்தான்.

படிப்பது இவ்வளவு சுலபம், எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஹைக்கூவில் பர்ன்இட்நவ் என்று பொத்தான் வைத்த ஒரு செயலி இருக்கிறது. ஆனால் அடியில் வேலை செய்வது சிடிஆர்டூல்ஸ் என்ற பழைய கட்டளைத் தொகுப்பு. ஜெர்மனியின் யோர்க் ஷில்லிங் என்பவர் தொண்ணூறுகளில் ஆரம்பித்து 2021-இல் காலமாகும் வரை கட்டிக்காத்தது. ரொம்பப் பிடிவாதக்காரர். லைசென்ஸ் தகராறில் 2006-இல் டெபியன்காரர்கள் அதைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போனார்கள். ஆனாலும் உலகத்தில் யாரும் கேள்விப்படாத இயங்குதளத்தில் எல்லாம் சிடி எழுத முடிகிறது என்றால் அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

நான் டெர்மினலில் நேரடியாகவே எழுதுகிறேன். முதலில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஒரே ஐஎஸ்ஓ பிம்பமாக ஆக்கவேண்டும். பிறகு அந்தப் பிம்பத்தைத் தகட்டில் இறக்கவேண்டும். கடைசியில் தகட்டைத் திரும்பப் படித்து, பிம்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவேண்டும். விண்டோஸில் இழுத்துப் போட்டால் எல்லாம் மறைவில் நடந்துவிடும், அந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. சிடிரெக்கார்ட் எழுத ஆரம்பிக்கும் முன் ஒன்பதில் இருந்து கீழ்நோக்கி எண்ணும், நிறுத்துவதென்றால் இப்போதே நிறுத்திக்கொள் என்று. லேசரை எரியவிடாமல் ஒத்திகை பார்க்கவும் வழி உண்டு. வெற்று சிடி பத்து ரூபாய் விற்ற காலத்தில் அது பெரிய உபகாரம்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. தகட்டில் 52 எக்ஸ் என்று போட்டிருக்கும், நான் 16-க்கு மேல் போவதில்லை. எண்பது நிமிட சிடி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கும் அவசரப்படுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல.

ஆடியோ சிடி எழுதுவது இன்னும் பழைய கதை. வினாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல். இது ஃபிலிப்ஸும் சோனியும் 1980-இல் வகுத்த கணக்கு, இன்றுவரை மாறவில்லை. செல்போனில் பதிந்ததை அப்படியே போட முடியாது, மாற்றித்தான் போடவேண்டும். ஹைக்கூவோடு வரும் மீடியாகன்வெர்ட்டர் அதைச் செய்துவிடும்.

இந்தக் காலத்தில் ஆடியோ சிடி யாருக்கு என்றால், எங்கள் அம்மாவுக்கு. புதுக்கோட்டை வீட்டில் ஒரு சிடி பிளேயர் இருக்கிறது, எம்பி3 கூடப் பாடாது. 2003 தீபாவளிக்குப் போனபோது அம்மாச்சியை உட்காரவைத்துத் தாலாட்டும் கும்மிப் பாட்டுமாக ஒரு கேசட் நிறையப் பதிந்து வந்தேன். அடுத்த வருடம் சிடியாக்கி ஒன்று அம்மாவிடம், ஒன்று இங்கே. அம்மாச்சி 2006-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் அம்மா போன் பண்ணி, "ஏண்டா, அம்மாச்சி பாட்டு நின்னு நின்னு போவுது, தாலாட்டு வரவே மாட்டேங்குது" என்றார். அங்கிருந்த தகடு போயே விட்டது. டெல்லிப் பிரதியில் நாலாவது பாட்டு மட்டும் தகராறு. மூன்று டிரைவில் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றாவதில் வந்தது. ஹைக்கூவிலேயே மூன்று பிரதி எழுதிப் பொங்கலுக்குக் கையோடு எடுத்துப்போனேன். அம்மா தாலாட்டை மட்டும் நான்கு தரம் போட்டுக் கேட்டார். "வாட்ஸப்ல அனுப்பினா கேக்கலாம்ல பெரியம்மா" என்று தம்பி பெண் சொன்னாள். "போன்ல கேட்டா அம்மா எங்கேயோ இருக்கிற மாதிரி இருக்குடி" என்றார்.

இப்போது ஹைக்கூ ரசிகர்கள் என்னை அடிக்க வரும் இடம். ஹைக்கூவின் பிஎஃப்எஸ் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்போடும் விவரங்களை ஒட்டிவைக்கலாம். பாடியது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதிவைத்து, பின்னால் 'புதுக்கோட்டையில் பதிந்ததெல்லாம் வா' என்று கூப்பிடலாம். அருமையான வசதி, நான் தினமும் உபயோகிக்கிறேன். ஆனால் ஐஎஸ்ஓ 9660 தகட்டுக்கு இது தெரியாது. எழுதும்போது எல்லா விவரமும் உதிர்ந்துவிடும். அதற்காகத் தகட்டையே பிஎஃப்எஸ்ஸில் எழுதிவிடலாம், அதற்கும் வழி இருக்கிறது. குடும்ப விஷயத்தில் அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. இருபது வருடம் கழித்து என் மகள் அந்தத் தகட்டை எந்தப் பொட்டியில் போடப்போகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் என் பைத்தியக்காரத்தனத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டுமா? அதனால் விவரங்களை ஒரு சாதா உரைக் கோப்பில், யூனிகோடில் தட்டி, ஒவ்வொரு தகட்டிலும் போட்டுவிடுகிறேன். ஒலிக்கு வேவ், படத்துக்கு ஜேபெக். கவர்ச்சி ஒன்றும் கிடையாது.

யூனிகோடு என்றதும் தமிழ் ஞாபகம் வருகிறது. 2000-த்தின் ஆரம்பத்தில் எழுதிய தகடுகளைத் திறந்தால் பாதிக் கோப்புகளில் கொசகொசவென்று ஏதோ இருக்கும். டிஸ்கியும் டாபும் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்துருவும் கோலோச்சிய காலம். (மேலே போட்டிருக்கிற டிஸ்கி வேறு, இந்த டிஸ்கி வேறு.) தகட்டின் எழுத்து பிழைத்தாலும் நம் எழுத்து பிழைக்காமல் போன கதை அது. இப்போது ஜோலியட் முறையில் எழுதினால் கோப்புப் பெயரே தமிழில் வைக்கலாம். 64 எழுத்துக் குறி வரை இடம் உண்டு. 'அம்மாச்சியின் தொட்டில் பாட்டு' என்பதற்கு இடைவெளி சேர்த்து 29 குறிதான் ஆகிறது, தாராளம். பெயர்கள் யூடிஎஃப்-8-இல் இருக்கின்றன என்று பிம்பம் செய்யும்போதே சொல்லிவிடவேண்டும், அவ்வளவுதான்.

வெட்கக்கேடு எங்கே என்றால், அந்தத் தகட்டை விண்டோஸில் போட்டால் பெயர் அழகாகத் தெரிகிறது. எழுதிய ஹைக்கூவிலேயே சரியாகத் தெரியவில்லை! நான் வைத்திருக்கும் பீட்டா ஐந்தில், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. இந்திய எழுத்துகளைக் கோர்த்து வடிவமைக்கிற வேலையை அதன் சொந்த வரைகலைப் பகுதி செய்வதில்லை. கியூட்டியில் எழுதிய செயலிகளில் மட்டும் ஒழுங்காக வருகிறது. ஜப்பானியக் கவிதையின் பெயரை வைத்துக்கொண்டு தமிழைத் தலைகீழாகக் காட்டுகிறதே என்று எனக்கு வருத்தம். ஆனால் இதை அவர்கள் தலையில் கட்ட மாட்டேன். சம்பளம் வாங்காமல் செய்கிறவர்களில் தமிழ் தெரிந்த நாலு பேர் இருந்தால் இது எப்போதோ தீர்ந்திருக்கும். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் நொய்டாவிலும் எத்தனை ஆயிரம் தமிழ்ப் பிள்ளைகள் கோடு எழுதுகிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் கொஞ்சத்தை இதற்குக் கொடுக்கக்கூடாதா? மூலநிரல் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது.

லினக்ஸில் இதையெல்லாம் செய்ய முடியாதா? முடியும். இன்னும் நன்றாகவே முடியும். ஹைக்கூவைத்தான் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாரையும் நான் வற்புறுத்தவில்லை. கேமும் ஆபீஸ் வேலையும் அதில் எதிர்பார்க்கவும் வேண்டாம். நான் சொல்ல வருவது, சின்னக் கூட்டம் செய்கிற இந்த மாதிரிப் பொருள்களை 'வேலையத்த வேலை' என்று தள்ளாதீர்கள் என்பது. பெரிய கம்பெனிகளுக்கு சிடி முடிந்துபோன வியாபாரம். நமக்கு அதற்குள் அம்மாச்சி இருக்கிறார். டிரைவே இல்லாத காலத்திலும் சிடி படிக்கிற, எழுதுகிற நிரலை ஒருவர் தூசு தட்டி வைத்திருக்கிறார் என்றால் அது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் பயன்படுகிறது.

எழுதுவதே வீண், கிளவுடில் போட்டால் போயிற்று என்பார் சிலர். போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். சிடி மட்டும் போதும் என்று இருப்பதும் அபாயம்தான். ஆனால் ஒன்று. கிளவுட் என் பெயரில், என் போனுக்கு வரும் ஓடிபியில் திறக்கிறது. எனக்கு ஏதாவது ஆகி, மாதக் கட்டணமும் நின்றுபோனால் அது திறக்காது. இதே காலனியில் ஒருவர் திடீரென்று தவறிப்போய், அவர் போனைத் திறக்க முடியாமல் மனைவி இரண்டு மாதம் அலைந்ததைப் பார்த்தேன். ஒருமுறை எழுதி மூடிய தகட்டுக்குக் கடவுச்சொல் இல்லை. கை தவறி டெலீட் ஆகாது, வைரஸ் வந்து எழுதாது. பேனாவால் மேலே 'அம்மாச்சி - 1' என்று எழுதியிருந்தால் போதும். (தண்ணீர் மை பேனா. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது தகடு ஆடும்.)

கல்யாண விசிடி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் ஏவிசெக் என்று ஆரம்பிக்கும் டாட் கோப்பாக அது இருக்கும். சாதா காப்பியில் பாதியில் பிழை காட்டி நின்றால் சிடியே போச்சு என்று தூக்கிப்போடாதீர்கள். விசிடியில் படம் இருக்கும் பகுதிகளில், டேட்டா சிடியில் உள்ள அளவுக்குப் பிழைதிருத்தும் தகவல் கிடையாது. அந்த இடத்தில் கூடுதலாக வீடியோவை அடைத்துவிட்டார்கள். அதனால் சின்னக் கீறலுக்கே காப்பி பயந்து நிற்கும். பிழையைப் பொருட்படுத்தாமல் தகட்டை அப்படியே படிக்கும் கருவிகள் இருக்கின்றன, நடுவில் அரை வினாடி கட்டம் கட்டமாக வரும். தாலி கட்டும் இடம் தெரிந்தால் போதாதா?

இதுவரை எங்கள் டப்பாவில் இருந்த 61 தகடுகளில் 44 முழுசாக வந்துவிட்டன, 9 அரைகுறை, 5 போயே போச்சு. மிச்சம் மூன்றும் எங்கள் கல்யாண விசிடியின் மூன்று பாகங்கள். தங்கமணி இப்போது பொட்டியை கபாடிக்குப் போடச் சொல்வதில்லை. மூன்றாம் பாகம் முப்பத்தோராவது நிமிடத்தில் நிற்கிறது, அவருடைய அப்பா நலங்கில் பாடுகிற இடம். பூனாவில் இருந்து மச்சான் ஒரு பழைய டிரைவ் அனுப்பியிருக்கிறான், சனிக்கிழமை அதில் போட்டுப் பார்க்கவேண்டும்.